அப்பாரு பொட்டி ரெகார்டுக்கு 8000 ரூவாய்க்குள்ள பிளேயர், எது வாங்கறதுங்க?

வாய்க்கால்_ஓரம் (கோபி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த வெசயத்துல நான் சுத்தமா புதுசு, கேள்வி கோமாளித்தனமா இருந்தா திட்டாம சொல்லிக்குடுங்க. எங்க அப்பாரு, அதாவது தாத்தா, அந்த காலத்துல ஊருக்குள்ள ரேடியோ செட்டு வெச்சிருந்தாரு, சீரு, காதுகுத்து, நோம்பின்னு சுத்துப்பட்டுல எங்க விசேசம்னாலும் குழாய் ஸ்பீக்கர வண்டில கட்டிக்கிட்டு போயிருவாராம். போன மாசம் பழைய ஓட்டு வீட்ட பிரிச்சப்போ அட்டாலில இருந்து ஒரு தகரப்பொட்டி எறங்குச்சு, தொறந்தா முழுக்க ரெகார்டு, எண்ணி பாத்தேன் 43 இருக்கு. செட்டு, ஆம்ப்ளிபயரெல்லாம் சித்தப்பா எப்பவோ எடைக்கு போட்டுட்டாரு, இது மட்டும் எப்புடியோ கண்ணுல படாம தப்பிச்சிருக்குது.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறேன், கையில 8000 ரூவா சேத்து வெச்சிருக்கேன், அதுக்கு மேல ஒரு ரூவா கூட ஆகாதுங்க. ஆன்லைன்ல பாத்தா சூட்கேஸாட்ட ஒரு பிளேயர் 5000, 6000க்கு வருது, ஸ்பீக்கர் உள்ளயே இருக்குது, ப்ளூடூத் இருக்குது, மூணு ஸ்பீடும் இருக்குதுன்னு போட்டிருக்கான். பாக்கறதுக்கும் அழகா இருக்குது. அத வாங்கிறலாமா? அப்பாருக்கு 86 வயசு ஆச்சு, காது கொஞ்சம் மந்தம், ஆனா ரெகார்ட கையில குடுத்தா கண்ணாடி போடாமயே லேபிள் கலர பாத்து என்ன பாட்டுன்னு சொல்லிப்போடறாரு. தை மாசத்துக்குள்ள அவர கேக்க வெச்சிரோணும்.

பல்லடம்_தறிச்சத்தம்

வாங்காதீங்க ங்ணா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நான் வாங்குனேன், அதே சூட்கேஸ், பச்சை கலரு. வாங்குன அன்னிக்கு ரவுசா ஸ்டேட்டஸெல்லாம் போட்டேன். மூணாவது வாரம் பாட்டுல சத்தம் கொஞ்சம் ஏத்துனா முள்ளு தானா குதிக்க ஆரம்பிச்சிருச்சு. ஏன்னு பாத்தா ஸ்பீக்கரும் முள்ளும் ஒரே பொட்டிக்குள்ள இருக்குது, ஸ்பீக்கர் அதிரறது முள்ளுக்கும் போகுது, அப்பறம் எப்புடிங்க நிக்கும்? தறிக்குடோன்ல உக்காந்து ஊசில நூல் கோக்கற கதைதான்.

அத கூட உடுங்க. அதுல வர்றது செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளு மாட்டற சின்ன கட்டை, முள்ளு அதிரறத கரண்டா மாத்தறது அதுதான்), ரெகார்டு மேல 5, 6 கிராம் கனத்துல அழுத்தும். கொஞ்சம் நல்ல பிளேயர்ல அது 2, 3 கிராம்தான். உங்க அப்பாரு 50 வருசமா பாத்து வெச்சிருந்தத நீங்க ஒரு வருசத்துல உழுது போட்டுருவீங்க. கடைக்காரன்கிட்ட திருப்பி தர்றேன்னு கேட்டேன், பொட்டி பிரிச்சா எடுக்க மாட்டோம்னுட்டான். இப்ப எம்பையன் அதுல ஹாட் வீல்ஸ் காரெல்லாம் அடுக்கி வெச்சிருக்கறான், சூட்கேஸா நல்ல கெட்டிதான் சும்மா சொல்லக்கூடாது.

குழாய்_ரேடியோ_ஐயா (உடுமலை)

தம்பி, உங்க அப்பாரு தொழில்தான் நானும் பாத்தது. நாலு ஆம்ப்ளிபயர், பன்னெண்டு குழாயி வெச்சு ஓட்டுனவன். அதனால சொல்றேன், பிளேயர் எதுன்னு கேக்கறதுக்கு முன்னால அந்த பொட்டில இருக்கறது என்னென்னன்னு பிரிச்சு வைங்க. மாடு என்னன்னு தெரியாம கவுறு வாங்கக்கூடாது.

கையில எடுத்தா கனமா இருந்து, சுண்டுனா ஓட்டுச்சில்லாட்ட டங்குனு சத்தம் வந்தா அது 78, நிமிசத்துக்கு 78 சுத்து ஓடறது. அரக்குல செஞ்சது, கீழ உழுந்தா செதறிப்போயிரும், பத்து இஞ்சு இருக்கும், ஒரு பக்கம் மூணு நிமிசத்துக்கு ஒரு பாட்டுதான். பெருசா பன்னெண்டு இஞ்சு, லேசா வளையறாப்புல இருந்தா எல்பி, அது 33, ஒரு பக்கம் இருவது நிமிசம் ஓடும். சின்னதா ஏழு இஞ்சு இருந்தா இபி, சினிமா பாட்டு பக்கத்துக்கு ரெண்டுன்னு வரும், பெரும்பாலும் 45. ஸ்பீடு லேபிள்லயே அச்சடிச்சிருப்பான், ஒருக்கா பாத்துக்கோங்க.

இத ஏன் சொல்றேன்னா 78க்கு முள்ளே வேற. அந்த ரெகார்டோட பள்ளம் அகலம், எல்பி பள்ளம் அதுல பாதி கூட இருக்காது. எல்பி முள்ள 78ல வெச்சா பள்ளத்தோட அடியில போயி உக்காந்துக்கிட்டு கரகரன்னு அடிமண்ண வாரும், பாட்டு அமுங்கிப்போயிரும். 78 முள்ள எல்பில வெச்சீங்கன்னா எல்பி கதை அன்னிக்கே முடிஞ்சுது. நீங்க பாத்த சூட்கேஸ்ல மூணு ஸ்பீடு இருக்கும், ஆனா முள்ளு ஒண்ணுதான் இருக்கும், அதுவும் எல்பி முள்ளு. சாவி குடுக்கற பழைய கிராமபோன் யாராவது சும்மா குடுத்தாலும் அதுல எல்பிய வெச்சுப்போடாதீங்க. அது இரும்பு முள்ளு, அரக்கு ரெகார்டுல கல்லுப்பொடி கலந்திருப்பான், அது முள்ள தேச்சு பள்ளத்துக்கு ஏத்தாப்புல ஆக்கும், அதனால ஒரு பக்கத்துக்கு ஒரு முள்ளு. ஒரு சீரு முடிஞ்சா பந்தலுக்கு அடியில பொறுக்குனா ஒரு டப்பா முள்ளு கெடைக்கும், வெறுங்கால்ல நடக்க முடியாது.

இன்னொண்ணு. முள்ளு குதிச்சா, முள்ள தாங்கற பிளேயர் கை மேல எட்டணா காசு வெப்போம், அந்த பழக்கத்த மட்டும் நீங்க எங்ககிட்ட இருந்து கத்துக்காதீங்க. எத்தன கதை வசன ரெகார்ட நாங்களே அப்புடி பாழாக்குனோம்னு நெனச்சா இப்ப வயிறு எரியுது.

வாய்க்கால்_ஓரம்

ஐயா ரொம்ப நன்றிங்க. நைட்டு பூரா உக்காந்து பிரிச்சேன், அப்பாரும் கூட உக்காந்துக்கிட்டாரு. 78 வந்து 19, எல்பி 15, இபி 9. 78ல ரெண்டு விரிசல் உட்டிருக்குது. எல்பில பாதிக்கு மேல அப்புடியே புதுசாட்ட இருக்குது, கேட்டா “அதெல்லாம் கடைசி காலத்துல வாங்குனது, அப்பறம் கேசட்டு வந்துருச்சல்ல” அப்படின்னாரு.

அப்ப சூட்கேஸ் வேண்டாம், சரிங்க. ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ்னு ஒரு பிளேயர் எல்லாரும் சொல்றாங்களே அது பாத்தேன், என் பட்ஜெட்டுக்கு ரெண்டு மடங்கு சொல்றான். பழசுல போலாமா? எங்க மாமா ஒருத்தரு சவுதில இருந்து 85லயோ என்னவோ கொண்டாந்த செட்டு காங்கயத்துல சும்மா கெடக்குதாம், 2000 குடுத்தா தர்றேங்கறாரு.

டெம்ப்ளேட்_டேவிட்

யூடியூப்ல அடிச்சா எல்லா பாட்டும் ஓசில வருது, எதுக்கு ப்ரோ 8000த்த கொண்டு போயி கொட்டறீங்க, ஒரு நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி தாத்தாவுக்கு குடுங்க.

பல்லடம்_தறிச்சத்தம்

வந்துட்டாருய்யா. பைப்ப தொறந்தா தண்ணி வருது, எதுக்கு குத்தாலம் போறீங்கம்பாராட்டிருக்குது.

லேத்து_பட்டறை (கணபதி, கோவை)

சவுதி செட்டுன்னு சொன்னதும் ஓடி வந்தேன். வாங்கறதுக்கு முன்னால பின்னாடி ஒட்டிருக்கற தகட்ட பாருங்க. 50/60 ஹெர்ட்ஸ்னு (கரண்டு செகண்டுக்கு எத்தன தடவ அலையடிக்குதுங்கற கணக்கு) போட்டிருந்தா பரவால்ல. வெறும் 60ன்னு மட்டும் போட்டிருந்தா சித்தெ நிதானிங்க. நம்மூரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், துபாய், குவைத் செட்டுன்னா பிரச்சனையில்ல அங்கயும் 50தான், சவுதில மட்டும் 60. ஏசி மோட்டார் வெச்ச பெல்ட் டிரைவ் பிளேயர்ல, அதாவது மோட்டார் ஒரு பெல்ட்டு வழியா தட்ட சுத்தறதுல, மோட்டார் ஸ்பீடே கரண்டோட ஹெர்ட்ஸ வெச்சுதான், அதனால 60க்கு செஞ்சத இங்க போட்டா ஆறுல அஞ்சு பங்குதான் சுத்தும், 33 ஓடவேண்டியது 28 கிட்ட ஓடும். பாடறவரு கெணத்துக்குள்ள நின்னு கொட்டாவி உட்டுக்கிட்டே பாடறாப்புல இருக்கும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டா சரியாயிரும்பாங்க, நம்பாதீங்க, அதுல வோல்ட்டுதான் கொறையும், ஹெர்ட்ஸ் மாறாது. டிசி மோட்டார் வெச்சதுன்னா இந்த வம்பே இல்ல.

எனக்கு இதே கதை நடந்துச்சு. எங்க பெரியப்பா செட்டு. ஸ்பீடு பாக்கறதுக்கு ஒரு சுலுவான வழி இருக்குது, தட்டு ஓரத்துல ஒரு துண்டு பேப்பர ஒட்டிப்போட்டு செல்போன்ல 3 நிமிசம் டைமர் வெச்சு எத்தன சுத்துன்னு எண்ணோணும். 33ங்கறது உண்மைல 33ம் மூணுல ஒண்ணும், அதனால 3 நிமிசத்துக்கு சரியா 100 சுத்து வரோணும். எனக்கு 83 வந்துச்சு. சரி, நாமதான் கோயமுத்தூர்க்காரன், பட்டறையே வெச்சிருக்கறோம், மோட்டார் புல்லிய, அதான் பெல்ட்டு மாட்டற சக்கரத்த, அஞ்சுக்கு ஆறுன்னு பெருசா கடைஞ்சு போட்டா தீந்துச்சுன்னு பித்தளை ராடு எடுத்தேன். பழைய புல்லில 33 ஓட்டற அடுக்கு 10 மி.மீ. இருந்துச்சு, 12 கடைஞ்சேன். போட்டு எண்ணுனா 99. ரெண்டு நாளு மண்டைய ஒடச்சேன், எங்க தப்புன்னே தெரியல, அப்பறம் பாத்தா பெல்ட்டு தடிப்ப கணக்குல சேக்காம உட்டிருக்கேன், பெல்ட்டே அரை மி.மீ.க்கு மேல இருக்குது. 12.1ன்னு திருப்பி கடைஞ்சு, நடுவுல லேசா மேடு உட்டேன், அப்பதான் பெல்ட்டு கீழ எறங்காது. 100 வந்துச்சு பாருங்க, பம்பு செட்டு மோட்டாரு ஆயிரம் ஓட்டிருக்கேன், அன்னிக்கு பட்ட சந்தோசம் வேற.

உங்க மாமா செட்டு 60ன்னா, தம்பி, 2000 குடுக்காதீங்க, 500க்கு கேளுங்க. புல்லிய எடுத்துட்டு வந்தீங்கன்னா நான் கடைஞ்சு தர்றேன், டீ வாங்கிக்குடுத்தா போதும்.

பல்லடம்_தறிச்சத்தம்

பெல்ட்டு பத்தி ஒண்ணு. பழைய செட்டுல பெல்ட்டு தாரு மாதிரி உருகி ஒட்டிக்கிட்டு இருக்கும், இல்லீன்னா தொளதொளன்னு ஆயிருக்கும். திருப்பூர்ல இருக்கறோம்னு ஜட்டி எலாஸ்டிக்க வெட்டி தெச்சு போட்டுறாதீங்க, நான் போட்டேன், தையல் புல்லி மேல ஏறுறப்பல்லாம் பாட்டு விக்கல் எடுக்குது. சிரிக்காதீங்க.

ஈரோட்டு_மஞ்சக்கெழங்கு

தம்பி, நான் பள்ளிக்கூடத்துல டீச்சர், நாலு வருசமா பழைய செட்டுலதான் கேக்கறேன். யாரும் இன்னும் சொல்லாத ஒண்ணு, பிளேயர் மட்டும் வாங்குனா பாட்டு வராது.

காந்தம் வெச்ச கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்ற சத்தம் ரொம்ப ரொம்ப சின்னது, மில்லிவோல்ட்டுல அஞ்சுக்குள்ள. உங்க கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்லயோ ஹோம் தியேட்டர் ஆக்ஸ்லயோ நேரா சொருகுனா எங்கயோ கொசு பாடறாப்புல கேக்கும். கூடவே, ரெகார்டு வெட்டும்போதே அடிச்சத்தத்த கொறச்சு கீச்சத்தத்த கூட்டித்தான் வெட்டறாங்க, இல்லீன்னா பள்ளம் ரொம்ப அகலமாகி ஒரு பக்கத்துக்கு இருவது நிமிசம் அடங்காது. 1954ல இருந்து அதுக்கு ஆர்ஐஏஏன்னு ஒரு பொதுக்கணக்கு இருக்குது. அத திருப்பி நேராக்கி, சத்தத்தயும் தூக்கி விடறதுதான் போனோ ப்ரீஆம்ப். பழைய ஆம்ப்ளிபயர்ல போனோன்னு எழுதுன ஓட்டை இருந்தா அது உள்ளயே இருக்குன்னு அர்த்தம். இல்லீன்னா சின்ன டப்பாவா ஆயிரம் ரூபாய் பக்கத்துல கெடைக்குது. பழைய வால்வு ரேடியோ பின்னாடி கிராம்னு ஒரு சாக்கெட் இருக்கும், அத பாத்து ஏமாறாதீங்க, அது அந்த காலத்து கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுக்கு வெச்சது.

அதனால 8000த்தயும் பிளேயர்லயே போடாதீங்க. பிளேயருக்கு 5000, மீதி முள்ளுக்கும் பெல்ட்டுக்கும் ப்ரீஆம்புக்கும். விக்கறவரு “முள்ளு புதுசுதாங்க”ன்னு சொன்னாலும் புதுசு போட்டுருங்க, அவரு சொன்ன புதுசு எந்த வருசத்து புதுசுன்னு யாருக்கு தெரியும். வைரமுள்ளே 500ல இருந்து 1000 மணி நேரம்தான். முள்ளு கெடைக்காத கார்ட்ரிட்ஜா இருந்தா பிளேயர் எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுட்டு வந்துருங்க. பாக்கப்போறப்ப உருப்படாத ரெகார்டு ஒண்ண கையோட எடுத்துட்டு போங்க, அப்பாரோடத எடுத்துட்டு போகாதீங்க.

கழுவறது: எல்பி, இபிக்கு டிஸ்டில்டு வாட்டர், நம்ம வண்டி பேட்டரிக்கு ஊத்தற தண்ணிதான், அதுல ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட், மெத்துனு துணில பள்ளம் போற வாக்குல தொடைங்க, லேபிள் நனையக்கூடாது. ஸ்பிரிட்டு போட்டு தொடைக்கலாம்னு வீடியோல சொல்லுவாங்க, 78ல மட்டும் அத தொட்டுறாதீங்க, அரக்கு ஸ்பிரிட்டுல கரையும், பளபளன்னு இருந்தது பல்லி முட்டையாட்டம் வெளுத்துரும். எல்லாத்தையும் நிக்க வெச்சு அடுக்குங்க, படுக்க போடாதீங்க. பங்குனி சித்திரைல எங்கூட்டு மாடி ரூம்புல வெச்ச ஒரு எல்பி அப்பளமா வளைஞ்சு போச்சு, இன்னிக்கு வரைக்கும் தூக்கிப்போட மனசு வரல.

வாய்க்கால்_ஓரம்

அக்கா, இத பிரிண்ட் எடுத்து வெச்சுக்கிட்டேன். மாமா செட்ட போயி பாத்தேன், லேத்து அண்ணன் சொன்ன மாதிரியே வெறும் 60தான், அதோட கையே ஒடஞ்சு தொங்குது, 500க்கும் வேண்டாம்னு வந்துட்டேன். 19 ரெகார்டு 78 கெடக்குதே அதுக்கு என்ன பண்றதுங்க? ஈரோட்டுல ஒருத்தரு பழைய ஜப்பான் பெல்ட் டிரைவ் 5200க்கு தர்றேங்கறாரு, 220 வோல்ட்டு, 50/60 ரெண்டும் போட்டிருக்குது, ஆனா 33, 45 மட்டும்தான் ஓடுது.

லேத்து_பட்டறை

அத எடுத்துருங்க. 78 ஓட்டறதுக்கு நாலு ஸ்பீடு பழைய செட்டு தேடி அலையலாம், ஆனா அதெல்லாம் ரப்பர் சக்கரம் கல்லாப்போயி கெடக்கும், உங்க காசுக்கு சரியா வராது. வேற ஒரு குறுக்கு வழி இருக்குது. அந்த கார்ட்ரிட்ஜுக்கு 78 முள்ளு தனியா கெடைக்குதான்னு பாருங்க, ரொம்ப பேரு வெச்சிருக்கற சாதா கார்ட்ரிட்ஜுக்கெல்லாம் கெடைக்குது. முள்ள மாத்திப்போட்டு 78 ரெகார்ட 45லயே ஓட்டுங்க, ப்ரீஆம்ப்ல இருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் சொருகி ரெக்கார்டு பண்ணுங்க, ஆடாசிட்டின்னு ஓசி சாப்ட்வேர் இருக்குது, அதுல 45ல இருந்து 78க்கு ஸ்பீடு மாத்துன்னு சொன்னா மாத்திரும். சத்தத்தோட ருசி கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆர்ஐஏஏ கணக்குக்கு முந்தி வெட்டுன ரெகார்டு பாதி அதுல இருக்கும். ஆனா பாட்டு பாட்டாத்தான் வரும்.

குழாய்_ரேடியோ_ஐயா

விரிசல் உட்ட ரெண்ட ஓட்டாதீங்க தம்பி, முள்ளு போயிரும்.

வாய்க்கால்_ஓரம்

வாங்கிப்போட்டேனுங்க! பிளேயர் 5200, பெல்ட்டு 350, புது முள்ளு 950, ப்ரீஆம்ப் 1100, ஆக மொத்தம் 7600. மீதி 400ல பெருந்துறை வழியா வர்ற பஸ்ஸுல மடில வெச்சே கொண்டாந்தேன், கண்டக்டர் லக்கேஜ் போடறேன்னாரு, தரமாட்டேன்னு சொல்லிப்போட்டேன். சுத்து எண்ணுனேன், 100க்கு ஒரு கால் சுத்து கம்மி, பரவால்லீங்களா? ஸ்பீக்கரு கம்ப்யூட்டரோடதுதான், வேற மேசைல வெச்சிருக்கேன். பாட்டு வருது ஆனா கூடவே கும்ம்ம்னு ஒரு சத்தம், பாட்டு இல்லாத எடத்துல நல்லா கேக்குது, என்னவா இருக்கும்?

ஈரோட்டு_மஞ்சக்கெழங்கு

கால் சுத்தெல்லாம் காதுக்கு தெரியாது. பின்னாடி ரெண்டு ஒயரோட மூணாவதா மெல்லிசா ஒண்ணு, நுனில கவட்டையாட்டம் பிரிஞ்சு இருக்கும், அது எர்த்து. ப்ரீஆம்ப்ல ஒரு ஸ்குரூ இருக்கும் பாருங்க, அதுல மாட்டி முறுக்குங்க.

வாய்க்கால்_ஓரம்

நின்னுருச்சுங்க அக்கா. நேத்து பொழுதோட அப்பார உக்கார வெச்சு மொத எல்பிய போட்டேன். அவரு பாட்ட கேக்கறத உட்டுப்போட்டு கைய தூக்கி வெக்கறது எப்புடின்னு எனக்கு சொல்லிக்குடுக்கறாரு, நான் வெச்சது தப்பாம், சுண்டுவெரல ரெகார்டு ஓரத்துல தாங்கிக்கிட்டு வெக்கோணுமாம். சத்தம் பத்தல, இது பக்கத்து தோட்டத்துக்கே கேக்காதேன்னு வேற.

78 முள்ளு இந்த மாச சம்பளத்துல 1400 குடுத்து வாங்குனேன், பட்ஜெட் தாண்டிருச்சு, பரவால்லீங்க. லேத்து அண்ணன் சொன்னாப்புல 45ல ஓட்டி ரெக்கார்டு பண்ணிக்கிட்டு இருந்தேன், அப்பாரு பின்னால வந்து நின்னு அந்த இழுவைய சித்தெ நேரம் கேட்டுப்போட்டு “ஏங்கண்ணு, பேட்டரி எறங்கிருச்சா?”ங்கறாரு. அப்பறம் ஆடாசிட்டில ஸ்பீடு மாத்தி போட்டுக்காட்டுனேன். பதினேழுல நாலு முடிஞ்சுது, மீதிய ஞாயித்துக்கெழமை பண்ணலாம்னா உடமாட்டேங்கறாரு, அடுத்தத தொடச்சு கையில வெச்சுக்கிட்டு கதவுகிட்டயே நிக்கறாரு.